எண்பதும் முப்பத்திரண்டும்

தூத்துக்குடியில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில், மாடியறை ஒன்றில் ஜெசிந்தா பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்த்து வந்தாள். வயது முப்பத்தொன்று. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அவளுடைய மாணவர் மாசிலாமணிக்கு வயது ஐம்பத்தொன்பது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையால் எதையும் சரிசெய்யத் தெரியவில்லையே என்ற வெட்கத்தில் அவளிடம் வந்து சேர்ந்தார்.

அவள் அவரை சார் என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார். வருகிறவர்கள் சிரித்தார்கள். இருவரும் மாற்றிக்கொள்ளவில்லை.

சேசுராயன் வந்தது ஒரு மத்தியான வேளை. உப்புக் காற்றில் ஜன்னல் கதவு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டோவிலிருந்து இறக்கிய பழைய கம்ப்யூட்டர் மெஷினை அவரே மார்போடு அணைத்து மாடியேற்றினார். அவருக்குத் தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்து இருபது வருஷம் ஆகிறது. அறுவைக்கு முந்தின மாதம் முழுக்க உட்கார்ந்து, இரண்டாயிரம் சொற்களைத் தன் குரலில் இந்த மெஷினுக்குள் பேசி வைத்திருந்தார். சொல்லைத் தேடி விசையைத் தட்டினால் மெஷின் அவர் குரலில் பேசும். அந்தக் குரலைத் திறக்க அதனுள் இருக்கும் அட்டை வேறெந்த மெஷினிலும் பொருந்தாது.

மறுநாள் மகளுக்கு நிச்சயம். பெண்ணைக் கொடுக்கச் சம்மதமா என்று சபையில் கேட்பார்கள். தகப்பன் வாய் திறந்து சொல்ல வேண்டும். மெஷினோ இரண்டு நாளாக டக் டக் என்று அடித்துக்கொண்டு கிடக்கிறது.

ஹார்ட் டிஸ்க் சாகப்போகிறது என்பது ஜெசிந்தாவுக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. மாசிலாமணி கடையெல்லாம் அலைந்தார். இப்போது வரும் டிஸ்க்குகளுக்குக் கேபிள் செருகும் வாய் வேறு. பழைய மெஷினுக்கோ நாற்பது முள் கொண்ட அகலப் பட்டைக் கேபிள்தான். கடைசியில் அந்த வாயுள்ள டிஸ்க் ஒன்றே ஒன்று கிடைத்தது. எண்பது ஜிபி. பழையதில் இருந்ததையெல்லாம் வேறொரு மெஷினில் வைத்து அதற்கு மாற்றினார். மாற்றி முடிந்த கையோடு பழைய டிஸ்க் அடங்கிப் போனது.

புதியதைச் சேசுராயனின் மெஷினில் மாட்டினார்கள். கேபிள் சரியாக உட்கார்ந்தது. மெஷின் டிஸ்க்கைத் தேடத் தொடங்கியது, அப்படியே நின்றது. மறுபடி தொடங்கினார்கள். மறுபடி நின்றது.

சேசுராயன் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதினார். *நாளைக்குப் பேசுமா?*

மாசிலாமணி விளக்கத் தொடங்கினார். டிஸ்க்கில் இடம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது, மெஷினின் ஆதி நிரல் அதை எப்படி எண்ணுகிறது, எந்த வருஷம் எந்த வரம்பு வந்தது, யார் யாரோடு ஒத்துப்போகாமல் என்ன ஆனது என்று வரிசையாகச் சொன்னார். ஒரு சொல்கூடத் தப்பில்லை. அரை மணி நேரம் ஆனது. சேசுராயன் ஜன்னலுக்கு வெளியே படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் நோட்டை எடுத்து, முதல் வரிக்குக் கீழே அதே வரியை மறுபடி எழுதினார்.

மாசிலாமணிக்கு முகம் சுண்டிப்போனது. முப்பது வருஷம் பாடம் எடுத்த மனிதர். ஜெசிந்தாவின் பக்கம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இவ்வளவு சொல்லுதேன். அவருக்கு ஏன் டீச்சர் ஏறவே மாட்டேங்குது?"

அவள் பழைய டிஸ்க்கைக் கையில் எடுத்தாள். செத்த டிஸ்க்கின் பின்புறத்தில் இரண்டு முள்ளைச் சேர்த்துப் பிடிக்கும் உளுந்தளவு கறுப்பு ஜம்பர் ஒன்று மாட்டியிருந்தது. அதைக் குறடால் பிடுங்கினாள். புதிய டிஸ்க்கின் முட்களை விரலால் எண்ணி, ஓர் இணையில் அதைச் செருகினாள்.

"இப்ப போடுங்க சார்."

போட்டார். மெஷின் தேடியது. முப்பத்திரண்டு ஜிபி என்று எழுதிக் காட்டியது. பிறகு திறந்துகொண்டது.

சரிபார்க்க ஜெசிந்தா சொற்களை வரிசையாக ஓடவிட்டாள். கடல், கதவு, கப்பல் என்று ஒரு கனத்த ஆண்குரல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனது. மின்விசிறிக் காற்றில் அந்தச் சொற்கள் அறையெங்கும் மிதப்பதுபோல் இருந்தது. மழை என்றது, மாசிலாமணிக்கு உடம்பு குளிர்ந்தது. சேசுராயன் கண்ணை மூடிக்கொண்டு தன்னைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் எங்கோ சம்மதம் என்று வந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. கன்னம் நனைந்தது.

ஆனாலும் மாசிலாமணியால் விஷயத்தை விட முடியவில்லை.

"டீச்சர், ஜம்பர் மாட்டுனதும் எம்பது உள்ள டிஸ்க் முப்பத்திரண்டுன்னு சொல்லுது. இது பொய் இல்லையா?"

"இந்த மெஷினுக்கு அதுக்கு மேல எண்ணத் தெரியாது சார். தெரியாதத சொன்னா நின்னு போகும். நீங்கதான் பாத்தீங்களே."

"அப்ப மீதி நாப்பத்தெட்டு?"

"உள்ளதான் இருக்கு. அதச் சொல்லலன்னு எந்த டிஸ்க்கும் அழுது நான் பாத்ததில்ல."

சேசுராயன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தார். விசைகளில் தேடினார். மாசிலாமணியைத் திரும்பிப் பார்த்து ஒன்றைத் தட்டினார்.

"எப்படி?" என்றது அவர் குரல்.

மாசிலாமணிக்குள் ஒரு மணி நேரம் சொல்லும் அளவுக்குப் பதில் இருந்தது. குனிந்து, டிஸ்க்கின் பின்னால் இருந்த ஜம்பரை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இத மாட்டுனோம்" என்றார்.