ஆவுடையம்மாளின் கட்டைவிரல்

ஆவுடையம்மாளின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே ஓர் உயில் முளைத்தது. ஒன்பது வயது மகள் கோமதிக்கும் அவள் சொத்துக்கும் செத்துப்போன கணவரின் அண்ணன் சிவசைலமே கார்டியன் என்றது அது. தேதி, சாவுக்கு ஒரு மாதம் முந்தி. கீழே கைநாட்டு.

சிவசைலம் ரைஸ்மில் முதலாளி. சொத்து அவர் கைக்குப் போனால் பிள்ளை என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும். சொல்லத்தான் ஒருவருக்கும் தைரியமில்லை. உயில் கோர்ட்டுக்கு வந்தபோது எதிர்த்துச் சாட்சிக்கூண்டில் ஏறியவள், ஆவுடையம்மாளைப் படுக்கையில் பார்த்துக்கொண்ட வேலைக்காரி பேச்சி மட்டும்தான்.

"எழுதப் படிக்கத் தெரியாத உனக்கு உயிலைப் பத்தி என்ன தெரியும்?" என்று சிரித்தார் சிவசைலத்தின் வக்கீல்.

"உயில் தெரியாதய்யா, விரல் தெரியும். அம்மா பொணத்தைக் குளிப்பாட்டி, கைக் கட்டைவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டினது நான்தான். அப்ப இடது விரல்ல மை அப்பிக் கிடந்துச்சு. தினமும் நான் கழுவிவிட்ட கையில, ஒரு மாசத்து மை அழியாமலா இருக்கும்?"

சிவசைலம் துள்ளி எழுந்தார். "பொய் சொல்லுதா! இவ வர முன்னாடியே மண்ணெண்ணெயைத் தொட்டு, சொட்டு மை இல்லாம நானே தொடச்சேன்!"

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

நீதிபதி பேச்சியிடம் திரும்பினார். "உண்மையில் மை இருந்ததா?"

"இல்லய்யா. அது பொய்தான், என்ன தண்டனைன்னாலும் குடுங்க. அந்த விரல்ல மண்ணெண்ணெய் வாடை மட்டும் அடிச்சுது. செத்தவங்க கையில அது எதுக்குன்னு இத்தனை நாளா எனக்கு வெளங்கல."