இரண்டே குரல்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, மலைக்கெல்லாம் காது இருந்த நாளிலே, வெண்கிரி ராஜ்ஜியத்திலே மாராயின்னு ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் சடையன், உப்பு மூட்டை சுமந்து மலைக்கு அந்தப் பக்கம் போய் விற்றுவருகிறவன். போன வருஷம் முதல் பனி விழுந்த அன்றைக்குப் போனவன்தான், திரும்பவே இல்லை. பனின்னா நம்மூர் மார்கழிப் பனி இல்லைங்க. இலவம்பஞ்சாய்க் கொட்டி முழங்காலை மூடுகிற பனி!

அந்த மலையிலே குளிர்மாயன்னு ஒரு மந்திரவாதி. அவன் கூப்பிட்டு யாராவது பதில் சொன்னால், அந்த இடத்திலேயே பனிக்குவியல்தான். பதில் சொல்லாமல் ஏமாற்றிவிட்டால் அவனே உறைந்துபோவானாம். அடுத்த வருஷத்து முதல் பனி ஓய்வதற்குள் மீட்காவிட்டால் குவியல் பாறையாகிவிடும். அதனால் ஊரிலே ஒரு கட்டுப்பாடு. "பேய் இரண்டு தரம்தான் கூப்பிடும், மனுஷன் மூணு தரம் கூப்பிடுவான். மூணாவது குரலுக்குத்தான் வாயைத் திறக்கணும்!"

மாராயி போன வருஷமே தேடிப் போனவள்தான். மூணாவது வளைவிலே சடையன் குரல் மாதிரியே கேட்டது. "ஏ புள்ள... ஏ புள்ள..." மூணாவதுக்காகப் பல் கிட்டிப்போகிற வரைக்கும் நின்றாள். வரவில்லை. பேய்தான் என்று இறங்கிவிட்டாள். அன்றையிலிருந்து அவளுக்குத் தூக்கமும் இல்லை, சோறும் இல்லை.

இதோ, இந்த வருஷத்து முதல் பனி. பொழுது விடிந்ததும் கிளம்பிவிட்டாள், தன்னந்தனியாய்.

முதல் வளைவு. ஒரு காக்கா இல்லை, குருவி இல்லை. திரும்பிப் பார்த்தால் தன் காலடித் தடத்தைக்கூடக் காணோம்.

இரண்டாம் வளைவு. பசி. மடியிலிருந்த கம்பு அடையை எடுத்தாள். கை பழக்கத்திலே இரண்டாய்ப் பிட்டது. அந்தப் பாதியை யாருக்குக் கொடுக்க? திரும்பவும் மடியிலே முடிந்துகொண்டாள்.

மூணாம் வளைவு.

"மாராயி! மாராயி! மாராயி!"

அடேயப்பா, சடையன் குரலேதான்! மூணு தரமும் ஆச்சு. வாய் திறந்துவிட்டது. ஆனால் சத்தம் வருவதற்குள் ஒன்று உறைத்தது. கட்டின நாள் முதலாய் அவள் புருஷன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையே! உதட்டை இறுகக் கடித்துக்கொண்டாள்.

காற்று சீறியது. "ஏன்டி, மூணு தரம் கூப்பிட்டாச்சே! உங்க ஊர்க் கட்டுப்பாடு அதுதானே? பேசித் தொலையேன்!"

அடப் பாவி, கட்டுப்பாடு இவனுக்கும் தெரியுமா! மூணு தரம் கூப்பிடுகிறவன் மாயன் என்றால், அன்றைக்கு இரண்டே தரம் கூப்பிட்டது யார்?

பனி மெலிந்துகொண்டே வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்திலே ஓய்ந்துவிடும். பாதையோரக் குவியலுக்குள்ளிருந்து ஈனமாய் ஒரு குரல்.

"ஏ புள்ள..."

மாராயி ஓடினாள், விழுந்தாள், எழுந்தாள்.

"ஏ புள்ள..."

"இந்தா இருக்கேன்யா! வந்துட்டேன்யா!"

அந்தப் பதில் பட்டதுமே படாரென்று குவியல் வெடித்தது. உள்ளே சடையன், தோளிலே உப்பு மூட்டையோடு! மூணு தரம் கூப்பிட்டும் பதில் கிடைக்காத குளிர்மாயனோ தொண்டை உறைந்து, பாறையிலே தொங்குகிற பனிக்கட்டியாய்ப் போனான்.

"ரெண்டு தரத்துக்கு மேல வாய் எழும்பாம கட்டிப்போட்டான், புள்ள," என்றான் சடையன். "போன வருஷமும் கூப்பிட்டேனே. உன் கால் சத்தம் கேட்டுச்சே."

"எனக்கும் கேட்டுச்சுய்யா," என்று சொல்லிவிட்டு மாராயி கதறி அழுதாள். அவன் அவள் மடியை அவிழ்த்து, தன் பங்கு அடையைத் தின்றான்.

பனி ஓய்வதற்குள் இரண்டு பேரும் விறுவிறுவென்று இறங்கினார்கள். வழியெல்லாம் ஒவ்வொரு குவியலிலிருந்தும் குரல் வந்தது. ஒருத்தருக்கும் மூணாவது குரல் வரைக்கும் மாராயி காக்கவில்லை. பதினோரு பேர் அவள் பின்னாலே நடந்து ஊர் வந்து சேர்ந்தார்கள்.

பழைய கட்டுப்பாட்டை ராஜா தண்டோரா போட்டு நீக்கிவிட்டார். அந்த மலையிலே இப்போது யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே, "இந்தா இருக்கேன்!" என்றுதான் பதில் வருமாம்.