முப்பத்தொன்பதாம் உருப்படி

மட்டியூருக்கு எப்படிப் போவது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் சொல்வதில்லை. சொன்னால் தங்களையும் அந்த ஊர்க்காரர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். ஆனால் அங்கே மாநிலக் கிணறு வாரியத்துக்கு ஒரு கணினி அறை இருந்தது என்பதும், கண்காணிப்பாளர் தணிகாசலம் அதைப் பதினோரு வருஷம் கட்டிக் காத்தார் என்பதும் நிஜம்.

கட்டிக் காத்தார் என்றால், உள்ளே உட்கார்ந்திருந்தார் என்று அர்த்தம். கணினிகளுக்குச் சூடு ஆகாது என்று அந்த அறைக்கு மட்டும் இரண்டு ஏசி போட்டிருந்தார்கள். தணிகாசலத்துக்கும் சூடு ஆகாது. பங்குனி முடிவதற்குள் முதுகு முழுக்க வேர்க்குரு பூத்துவிடுகிற உடம்பு. இந்த அறைக்கு வந்த பிறகுதான் மனுஷன் முதுகைச் சொறியாமல் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். இங்கேயே ஓய்வு பெற வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது.

அவருக்குக் கீழே இரண்டு பேர். பூவராகன் தட்டச்சு செய்வார். அஞ்சுகம் திரையில் வருவதைப் படிப்பார். தட்டுகிறவர் படிக்கக் கூடாது, படிக்கிறவர் தட்டக் கூடாது என்பது அந்த அலுவலக வழக்கம். யார் வகுத்தது என்று யாருக்கும் தெரியாததால் அதை மாற்றவும் யாருக்கும் அதிகாரம் இல்லை.

ஒரு திங்கட்கிழமை சென்னையிலிருந்து ஆய்வு அதிகாரி பத்மலோசனி போன் செய்தார். எந்த இயந்திரம் எந்த ரேக்கில் இருக்கிறது, எப்போது வாங்கியது என்றெல்லாம் பதிந்துவைத்த டேட்டாபேஸ் ஒன்று அந்த அலுவலகத்தில் உண்டு. புதன்கிழமை வந்து அதைச் சோதிக்கப் போவதாகச் சொன்னார். சொன்னதை அஞ்சுகம் வரி பிசகாமல் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

“தேடினால் வருவது அறையில் இருக்க வேண்டும். தேடியும் வராதது அறையில் இருக்கக் கூடாது. ஒன்று தப்பினாலும் ஊழியர் அனைவரும் வெயிலுகந்தபட்டிக் கிளைக்கு மாற்றப்படுவர்.”

வெயிலுகந்தபட்டிக் கிளை ஒரு தகரக் கொட்டகை. அங்கே ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் மேனேஜர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. பெயரைக் கேட்டதுமே தணிகாசலத்தின் முதுகு அரிக்க ஆரம்பித்தது.

“பூவராகா, எல்லாத்தையும் ஒண்ணாத் தேடு” என்றார்.

பூவராகன் தேடினார். அஞ்சுகம் ஒன்றிலிருந்து இருபது வரை படித்துவிட்டு நிறுத்தினார். அறையில் இருந்த இயந்திரங்களோ முப்பத்தெட்டு.

“அப்போ பதினெட்டு அதிகமா இருக்கு” என்றார் தணிகாசலம்.

“எப்படி சார் வந்திருக்கும்?” என்றார் பூவராகன்.

“குளிர்ச்சியான இடம்னா தானா வரும்யா. நான் வரலையா?”

இதில் மறுக்க ஒன்றும் இல்லை. மூவரும் சேர்ந்து பதினெட்டு இயந்திரங்களின் வயர்களை மரியாதையாகப் பிடுங்கி, சைக்கிள் ஷெட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த நிமிஷமே மாவட்டத்தில் உள்ள அத்தனை கிணறுகளின் விவரமும் நின்றுபோனது. அலுவலக போனும் நின்றுபோனது. மத்தியானம் வரை ஒரு புகார்கூட வராததைத் தணிகாசலம் நல்ல நிர்வாகத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்.

சாப்பாட்டு வேளைக்குக் கொஞ்சம் முன்னால்தான் அஞ்சுகம் திரையின் அடியில் இருந்ததைக் கவனித்தார். “சார், பக்கம் ஒண்ணுன்னு போட்டு, மொத்தம் ரெண்டுன்னு போட்டிருக்கு.”

“ரெண்டாம் பக்கம் எங்கே?”

“எந்த நோட்டுலயும் முதல் பக்கத்துக்குப் பின்னாடிதானே சார் ரெண்டாம் பக்கம்.”

பூவராகன் எழுந்து திரையின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். தூசியும் ஒரு பல்லியும் இருந்தன. பல்லி உருப்படிக் கணக்கில் சேருமா என்று கால் மணி நேரம் விவாதம் நடந்தது. பார்க்கும்போது இருந்தது, பார்த்ததும் ஓடிவிட்டது, ஓடுவது சொத்தாகாது என்று தணிகாசலம் தீர்ப்புச் சொன்னார். பூவராகன் திரையைத் திருப்பிவைக்கும்போது அவருடைய முழங்கை விசைப்பலகையில் இடித்தது. அஞ்சுகம் பார்த்தால் திரையில் மிச்சம் பதினெட்டு இயந்திரங்களும் நின்றன.

“திரும்பிடுச்சு சார். திரையைச் சுத்தினா பக்கம் திரும்புது.”

அன்று முதல் அடுத்த பக்கம் வேண்டுமென்றால் பூவராகன் திரையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி முழங்கையால் ஓர் இடி இடிப்பார். சைக்கிள் ஷெட்டுக்குப் போன பதினெட்டும் உள்ளே வந்தன. வயர்களை எங்கே செருகுவது என்று மறந்துபோனதால், அழகாக முடிச்சுப் போட்டுவைத்தார்கள்.

அடுத்து வந்தது எண் பிரச்சினை. ஒவ்வொரு இயந்திரத்தின் நெற்றியிலும் ஓர் எண் ஒட்டியிருந்தது. அதன்மேல் பதினோரு ஆயுத பூஜையின் சந்தனம் காய்ந்து கட்டியாகியிருந்தது. சந்தனத்தைச் சுரண்ட அஞ்சுகம் சம்மதிக்கவில்லை. “சாமி குத்தம் ஆயிடும் சார். வெயிலுகந்தபட்டிக்குப் போனாலும் பரவாயில்ல.”

பரவாயில்லை என்று தணிகாசலத்துக்குத் தோன்றவில்லை. யோசித்து, டேட்டாபேஸில் எந்த எண்ணுக்கு எந்த இடம் போட்டிருக்கிறதோ, அந்த இடத்தில் எது இருக்கிறதோ அதற்கு அந்த எண்ணைப் புதிதாக ஒட்டச் சொன்னார். அப்படியே ஒட்டினார்கள். ரேக் மூன்று, மேல் தட்டில் அப்போது இருந்தது அஞ்சுகத்தின் டிபன் கேரியர். அது இருபத்து மூன்றாம் எண் நெட்வொர்க் ஸ்விட்ச் ஆனது.

சாப்பிடுகிற நேரம் வந்தபோது பூவராகன் அஞ்சுகத்தைத் தடுத்தார். “ஸ்விட்ச்சை வெளிய எடுத்துட்டுப் போகணும்னா கேட் பாஸ் வேணும் மேடம்.”

“உள்ள புளியோதரை இருக்கு பூவராகன்.”

“உள்ள என்ன இருக்குன்னு டேட்டாபேஸ்ல இல்லீங்களே.”

தணிகாசலம் கேட் பாஸ் எழுதிக் கொடுத்தார். காரணம்: பழுது. ஒரு பொருள் பழுதுக்கு வெளியே போனால் அதன் இடத்தில் வேறொன்று நிற்க வேண்டும் என்பது வாரியத்தின் விதி. அஞ்சுகம் சாப்பிட்டு முடிக்கும் வரை பூவராகனின் செருப்பு அங்கே நின்றது.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது விதியை எடுத்தார்கள். தேடியும் வராதது அறையில் இருக்கக் கூடாது. நாற்காலியைத் தேடினார்கள், வரவில்லை, வெளியே போனது. காலண்டர், தண்ணீர்க் குடம், பிள்ளையார் படம் எல்லாம் போயின. கடைசியில் அறையில் இயந்திரங்களும் மூன்று பேரும் மட்டும் நின்றார்கள்.

பூவராகன் தயங்கித் தயங்கிக் கேட்டார். “சார், உங்களைத் தேடட்டுமா?”

தேடினார். அஞ்சுகம் படித்தார். “தணிகாசலம். பதிவு எதுவும் இல்லை.”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. பதினோரு வருஷம் உட்கார்ந்த அறையில் தான் இல்லவே இல்லை என்று தெரிந்ததும் தணிகாசலத்துக்குத் துக்கம் வந்தது. உண்மையாகவே துக்கம்.

“பதிஞ்சிட்டாப் போச்சு சார்” என்றார் அஞ்சுகம். பிறகு திரையைப் படித்தார். “வகைன்னு கேக்குது.”

“பேட்டரின்னு போடவா? கரண்ட் போனா வேலை செய்யறது” என்றார் பூவராகன்.

“கரண்ட் போனா நான் வீட்டுக்குப் போயிடுவேன்யா. இதரன்னு போடு.”

“நிலைன்னு கேக்குது” என்று அஞ்சுகம் படித்தார்.

“வேலை செய்கிறதுன்னு போடவா?” என்றார் பூவராகன்.

அஞ்சுகம் தலையாட்டவில்லை. “அரசாங்கப் பதிவு சார். பொய் எழுதக் கூடாது.”

நீண்ட விவாதத்துக்குப் பிறகு ‘தெரியவில்லை’ என்று போட்டார்கள். இடத்தைத் தணிகாசலமே தேர்ந்தெடுத்தார்: ரேக் நான்கு, கீழ்த் தட்டு. ஏசிக் காற்று நேராக வருகிற இடம். முப்பத்தொன்பதாம் எண்ணாக அவர் பதிவானதும் ரேக்குகளில் இனி இடமில்லை என்றது டேட்டாபேஸ். ஆகவே பூவராகனும் அஞ்சுகமும் அறைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்கள். தணிகாசலம் அன்றிரவு தட்டிலேயே தூங்கினார்.

புதன்கிழமை பத்மலோசனி வந்தார். கையில் ஒரு படிவம். அதில் இரண்டே கட்டங்கள்: ‘இருக்கிறது’, ‘இல்லை’. தானே ஓர் எண்ணைத் தட்டினார். முப்பத்தொன்பது.

ரேக் நான்கின் கீழ்த் தட்டில் தணிகாசலம் முழங்காலைக் கட்டிக்கொண்டு, நெற்றியில் எண்ணோடு, மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தார். அம்மையார் குனிந்து அவரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் குனிந்து பார்த்தார். படிவத்தில் மூன்றாவது கட்டம் இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். இல்லாததால் ‘இருக்கிறது’ என்பதில் டிக் போட்டார்.

“ஊழியர்கள் எங்கே?” என்று கேட்டார்.

வெளியிலிருந்து பூவராகன் சொன்னார். “தேடிப் பார்த்தோம் மேடம். ஒருத்தரும் வரல.”

ஊழியர் இல்லாத இடத்திலிருந்து யாரை மாற்றுவது? பத்மலோசனி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினார். தணிகாசலத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. இனிச் சாகும் வரை குளிர்ச்சிதான் என்று ரேக்குக்குள்ளேயே கண்ணீர் விட்டார்.

ஐந்தரை மணிக்கு அவர் மனைவி கோமளவல்லி, காய்கறி வாங்கிய பையோடு கணவரைக் கூட்டிப்போக வந்தார்.

“கேட் பாஸ் வேணுங்களே” என்று பூவராகன் படிவத்தை நீட்டினார்.

கோமளவல்லிக்கு அந்த அலுவலகத்தைத் தெரியும். வாக்குவாதம் செய்யாமல் வாங்கி எழுதினார். காரணம் என்ற இடத்தில் ‘பழுது’ என்றும், பழுது எப்போது கண்டது என்ற இடத்தில் ‘கல்யாணத்தன்றைக்கே’ என்றும் எழுதினார்.

“இடத்துல வேற ஒண்ணு நிக்கணும்” என்றார் அஞ்சுகம், வருத்தமாக.

கோமளவல்லி ஆட்டோவில் வீட்டுக்குப் போய், மாவரைக்கிற கிரைண்டரைக் கொண்டுவந்து கீழ்த் தட்டில் வைத்துவிட்டுக் கணவரை அழைத்துப்போனார். கிரைண்டர் சும்மா இருந்தால் வாடை வரும் என்று அஞ்சுகம் அதற்கு மின்சாரம் கொடுத்தார். ஓடியது. பூவராகன் உடனே டேட்டாபேஸைத் திறந்து, முப்பத்தொன்பதின் நிலையைத் திருத்தினார்: வேலை செய்கிறது.

மறுநாள் காலை தணிகாசலம் வந்து வாசலில் நின்றார். பூவராகன் முப்பத்தொன்பதைத் தேடி, அஞ்சுகம் படித்ததைக் கேட்டுச் சொன்னார். “இருக்கு சார். இடத்துலயே இருக்கு. ஓடுது.”

“நான்தானேய்யா முப்பத்தொன்பது?”

“ஒரே நம்பர்ல ரெண்டு உருப்படி இருந்தா வெயிலுகந்தபட்டி சார்.”

தணிகாசலம் நெடுநேரம் யோசித்தார். அவர் பழக்கிய ஆள் அல்லவா, பேச்சில் ஓட்டை இல்லை. பூவராகனைத் தட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்.

வீட்டில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது. கிரைண்டர் இல்லை. கொல்லையில் ஆட்டுக்கல் மட்டும் இருந்தது. பத்தரை மணி வெயிலில் அதன்முன் உட்கார்ந்து, வேர்வை வழிய, முதுகைச் சொறிய ஒரு கை மிச்சமில்லாமல், அவர் மாவரைக்க ஆரம்பித்தார்.

பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, “என்னக்கா, உங்க கிரைண்டர் எங்கே?” என்றாள்.

“ஆபீஸுக்குப் போயிருக்கு. சாயங்காலம் வந்துடும்” என்றார் கோமளவல்லி.

“எப்படி வரும்? கேட் பாஸ்ல யார் கையெழுத்துப் போடறது? நான்தான் ஆபீஸ்ல ஓடிட்டிருக்கேனே” என்றார் தணிகாசலம், குழவியை நிறுத்தாமல்.