ஒட்டகத்துக்குப் புது கார்புரேட்டர்

மெக்கானிக் பட்டுராஜன் சொல்வதில் பாதியைக் காற்றோடு விட்டுவிட வேண்டும். மீதியை முறத்தில் போட்டுப் புடைத்தால் ஒரு கைப்பிடி தேறலாம், தேறாமலும் போகலாம். செல்லக்கனிக்கு இது தெரியாததல்ல. இருந்தும் பங்குனி உத்திரத்தன்று பொழுது புலரும் நேரத்தில் அவர் பட்டறை வாசலில்தான் அவள் நிற்க வேண்டியிருந்தது. செம்மணல் மேடான அந்தத் தேரிக்காட்டு ஓரத்தில் வேறு மெக்கானிக் கிடையாது.

அவளுடையது மூன்று சக்கர லோடு வண்டி. தேரிச் செம்மணலில் புதையாமல் இருக்க அகல டயர் போட்டிருந்ததால் ஊரில் அதற்கு ஒட்டகம் என்று பெயர். தேரி நடுவே இருக்கும் சாஸ்தா கோயிலில் உத்திரத்தன்று ஊர்ப்பட்ட சனம் கூடிப் பொங்கலிடும். அங்கே சொட்டுத் தண்ணீர் கிடையாது. வருடா வருடம் டிராக்டர்தான் கொண்டுபோகும். இந்த வருடம் கோயில் கூட்டத்தில் செல்லக்கனி எழுந்து நின்று, "என் ஒட்டகம் கொண்டாரும். வெயிலு ஏறுததுக்கு முன்னால தண்ணி அங்க நிக்கும்" என்று சொல்லிவிட்டாள். சொல்லுக்கு என்ன, வாயில் வந்தால் வந்ததுதான். டிரம் டிரம்மாகத் தண்ணீர் ஏற்றிப் புறப்பட்ட ஒட்டகம், பட்டறை வாசலில் இருமி, கமறி, படுத்துவிட்டது. கார்புரேட்டரில் விரிசல். பெட்ரோல் ஒழுகி மணலெல்லாம் நாறியது.

நல்லவேளை, பட்டுராஜனிடம் அதே அளவில் புதுசு ஒன்று இருந்தது. பழையதைக் கழற்றிப் போட்டு, திறந்த இஞ்சின் வாயில் துணியை அடைத்துவிட்டு, அதற்கு நேரே உட்கார்ந்தார். கைக்கு வேலை கிடைத்தால் அவர் வாய் சும்மா இருக்காது.

"கவலப்படாத கனி. சாத்தாங்குளத்துல ஒருத்தனுக்கு இப்படித்தான் மாத்திக் குடுத்தேன். தீவாளிக்குப் பெட்ரோல் போட்டான். பொங்கலுக்குத் தொறந்து பாக்கான், அப்படியே கெடக்கு."

"வண்டிய எடுக்கவே இல்லையோ?" என்று கேட்டார் லிங்கத்துரை. அவர் பொங்கல் விறகோடு ஒட்டகத்தில் தொற்றிக்கொள்ள வந்தவர். யார் எதைச் சொன்னாலும் ஒரு குறுக்குக் கேள்வி கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"தெனமும் தூத்துக்குடி போயிட்டு வந்தான் வே! ஓட்டம் போட்டா பெட்ரோல் குறையும்னு எவன் சொன்னான்? உடன்குடில ஒரு ஆட்டோவுக்கு இன்னும் கொஞ்சம் நைசா டியூன் பண்ணிட்டேன். ஓட ஓடக் கூடுது! அவன் பொஞ்சாதி பக்கத்துல குடத்தோட உக்காந்துக்கிட்டு, வழிய வழிய மொண்டு எடுப்பா. கடைசில அவனே வந்து, அண்ணாச்சி, குடம் பத்தல, கொஞ்சம் கெடுத்து விடுங்கன்னு அழுதான்."

"அண்ணாச்சி, போல்ட்ட முறுக்குங்க" என்றாள் செல்லக்கனி. கிழக்கே பனைகளுக்குப் பின்னால் வானம் சிவந்துவிட்டது. கோயிலில் பெண்கள் வெறும் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு வழி பார்த்திருப்பார்கள்.

"முறுக்கிக்கிட்டுதான இருக்கேன். லிங்கம், ஐட்லிங்னா என்னன்னு தெரியுமா உமக்கு? வண்டி நிக்கயில இஞ்சின் மட்டும் ஓடுததுதான். ஒருத்தன் வண்டிக்கு வச்சுக் குடுத்தேன். சத்தம் அவ்வளவு பதமா இருக்கவும், ஆஃப் ஆயிட்டுன்னு நெனச்சு அப்படியே போட்டுட்டு பம்பாய்க்கு ரயிலேறிட்டான். ஒரு கோழி இஞ்சின் மேல ஏறி உக்காந்து முட்ட போட்டு, அந்தச் சூட்டுலயே குஞ்சும் பொரிச்சிட்டு. இன்னைக்கும் அந்தக் குஞ்சுவ கீச்சு கீச்சுன்னு கத்தாது. டுப்பு டுப்புன்னுதான் கத்தும்."

"அதுல சேவல் உண்டா?"

"உண்டு. காலைல அதுதான் ஹாரன் அடிக்கும்."

ஒருவழியாகக் கேபிளை மாட்டி, பெட்ரோல் குழாயைச் செருகி, "இழு தாயி" என்றார். செல்லக்கனி ஸ்டார்ட்டிங் லீவரைப் பிடித்து இழுத்தாள். ஒட்டகம் அசையவில்லை. மறுபடி இழுத்தாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது, இஞ்சின் ஒரு முனகல்கூட முனகவில்லை. பட்டுராஜன் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், ஊதினார், மாட்டினார். ஆனால் புளுகை மட்டும் நிறுத்தவில்லை.

"புது கார்பரேட்டர்லா, வெக்கப்படுது. கன்னி கழியணும்."

செல்லக்கனிக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஊரே சிரிக்கப்போகிறது, இந்த மனுசன் கோழிக்கதை சொல்கிறான். திட்டுவதற்கு வாயைத் திறந்தவளுக்கு அப்போதுதான் அது உறைத்தது. தேரிக்காட்டில் எந்த இஞ்சினைத் திறந்தாலும் முதல் வேலை, மணல் உள்ளே போகாமல் அதன் வாயில் துணியை அடைப்பதுதான். மற்ற ஊர் மெக்கானிக்குக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"அண்ணாச்சி, இஞ்சின் வாயில துணிய அடைச்சியளே. அத எடுத்தியளா?"

பட்டுராஜன் கை நின்றது. லிங்கத்துரை விறகுக்கட்டின் மேல் விழுந்து விழுந்து சிரித்தார். மாட்டிய கார்புரேட்டர் மறுபடி கழன்றது, துணி வெளியே வந்தது.

"மறந்துட்டேன்னு நெனச்சியளோ?" என்றார் பட்டுராஜன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "இன்னைக்கு உத்திரம். சாமிக்குத் தண்ணி சொமக்குற வண்டி பட்டினி விரதம் இருக்க வேண்டாமா? அதான் வாயக் கட்டி வச்சிருந்தேன்."

இந்தமுறை ஒரே இழுப்பில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. அதன்பின் நடந்ததைச் செல்லக்கனி அதற்கு முன் பார்த்ததில்லை. பட்டுராஜன் பேசவில்லை. தலையைச் சாய்த்து, காதை இஞ்சின் பக்கம் கொடுத்து, காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். சத்தம் ஏறி, இறங்கி, பின் சீராக நின்றது. மனுசனுக்குத் தொழில் தெரியும் என்பதை அவள் மனசார ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்ட மறுநிமிடமே அவர் கெடுத்துவிட்டார்.

"இன்னும் அரை மரை திருப்பலாம். திருப்ப மாட்டேன். போன ஆடியில திருப்பிட்டேன், தேரிக் காத்தையெல்லாம் இதே வண்டி உறிஞ்சிட்டு. கரண்டு எடுக்குற காத்தாடியெல்லாம் நின்னுபோய் கரண்டு ஆபீஸ்ல இருந்து ஆள் வந்துட்டான். பனை அம்புட்டும் இங்கிட்டு சாஞ்சுதான நிக்கி, ஏன்னு நெனச்சீரு?"

"போன ஆடியில இந்த வண்டி என்கிட்டயே இல்ல" என்றாள் செல்லக்கனி.

"அதுக்குத்தான் தாயி, நீ வாங்குததுக்கு முன்னாலயே சோதிச்சு வச்சேன்."

மூவருமாக ஏறிப் பாய்ந்தார்கள். புது கார்புரேட்டர் சும்மா சொல்லக்கூடாது, மணல்மேடுகளில் ஒட்டகம் மூச்சு வாங்காமல் ஏறியது. ஆனால் வெயில் அதற்கு முன்பே ஏறிவிட்டிருந்தது.

கோயில் முன்னால் காய்ந்த பானைகளோடு சனம் முறைத்துக்கொண்டு நின்றது. தர்மகர்த்தா ஆறுமுகப்பெருமாள் முன்னால் வந்தார்.

"வெயிலு ஏறுததுக்கு முன்னாலன்னு சொன்ன. இப்ப என்ன நேரம்? அடுத்த வருசத்துக்கு டிராக்டர்காரன்ட்ட சொல்லி வச்சிரலாம்னு இருக்கேன். நீ என்ன சொல்லுத?"

கார்புரேட்டர் உடைந்தது, துணி அடைத்தது என்று உள்ளதைச் சொல்லத்தான் செல்லக்கனி வாயெடுத்தாள். காலையிலிருந்து கேட்ட புளுகு அப்படி, வெளியே வந்தது வேறு.

"பிந்தி வரல மாமா, முந்தி வந்துட்டேன். அண்ணாச்சி புது கார்பரேட்டர் போட்டுக் குடுத்தாரு. ஒரு முறுக்கு முறுக்கினேன், கோயில் வந்துட்டு. பாத்தா ஒரு ஈ காக்கா இல்ல. என்னடான்னு பூசாரிட்ட கேட்டா, உத்திரம் நாளைக்குங்காரு. போன வேகத்துல நேத்தைக்கே வந்து சேந்துட்டோம்! திரும்பிப் போயி, இன்னைக்கு விடியட்டும்னு காத்துக் கெடந்து வாறதுக்குள்ள இந்நேரம் ஆயிட்டு."

கூட்டத்தில் எங்கோ ஒரு கிழவர் களுக்கென்றார், சிரிப்பு பானை பானையாகப் பரவியது. ஆறுமுகப்பெருமாள் மட்டும் சிரிக்கவில்லை. பட்டுராஜன் பக்கம் திரும்பினார்.

"என்ன வே, இவ சொல்லுதது நெசமா?"

பட்டுராஜன் கையைத் துடைத்துக்கொண்டு வருத்தமாகத் தலையாட்டினார்.

"சாமி சன்னிதில பொய் சொல்லக்கூடாது. நேத்தைக்கு இல்ல, முந்தாநாளு. நேத்து பூரா நாங்க திரும்பி வந்துக்கிட்டு இருந்தோம்."

லிங்கத்துரையைப் பார்த்தார் தர்மகர்த்தா. வாழ்க்கையில் முதல்முறையாக லிங்கத்துரையிடம் கேட்க ஒரு கேள்வியும் இல்லை.

"சரி, தண்ணிய இறக்குங்க" என்றார் ஆறுமுகப்பெருமாள். "அடுத்த உத்திரத்துக்கும் நீயே கொண்டா தாயி. அன்னைக்கு மட்டும் பழைய கார்பரேட்டர மாட்டிட்டு வா."