எட்டிப் பார்த்த ராஜாவும் பாதாம் கிண்ணமும்

காலை மடக்கு. போர்வைய இழுத்துக்கோ. நான் நிறுத்தறப்பல்லாம் "ம்" சொல்லணும், இல்லைன்னா அத்தை எழுந்து போயிடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு ராஜா, பேரு அவசரவர்மன். சாப்பாடு கண்ணுல பட்டா அவனுக்குப் பொறுக்கவே பொறுக்காது. ஒருநாள் காலைல அடுப்புல கொதிக்கற ரசத்தைக் கரண்டியால அள்ளி மடக்குன்னு குடிச்சுட்டான். நாக்கு வெந்து, புஸ்ஸுன்னு பணியாரம் மாதிரி வீங்கிடுச்சு. வாயைத் திறந்தா "ழ்ழா ழ்ழா"ன்னுதான் வருது. சிரிக்காத, ம் சொல்லு.

அன்னிக்குச் சாயங்காலம் அவன் பொண்ணு மரகதத்துக்கு நிச்சயதார்த்தம். பொண்ணோட அப்பா வாயால "சம்மதம்"னு சொன்னாத்தான் மாப்பிள்ளை வீட்ல தட்டு மாத்துவாங்க. இவனோ ழ்ழாங்கறான். மரகதத்துக்கு அந்த மாப்பிள்ளைய ரொம்பப் பிடிக்கும். அழுகையே வந்துடுச்சு அவளுக்கு.

அப்போ வைத்தியர் சொன்னாரு, "ஜில்லுன்னு, வழவழன்னு ஏதாவது குடும்மா. நெய் வேண்டாம், காரம் வேண்டாம்."

அப்புறம் மரகதம் பாதாமை வெந்நீர்ல ஊறப்போட்டுப் பிதுக்கினா. பொளக் பொளக்னு தோல் கழண்டுச்சு. ஒண்ணு துள்ளி வைத்தியர் மூக்குல டொக்குன்னு பட்டுது. மத்ததை மைய அரைச்சு, பால்ல கலந்து, கொஞ்சூண்டு பனங்கற்கண்டு போட்டு, பாலை உறைய வைக்கற கடல்பாசியைக் காய்ச்சி ஊத்தி, கிண்ணத்தோட ஃப்ரிட்ஜுல வச்சா. ராஜா காலத்துல ஏது ஃப்ரிட்ஜுங்கறியா? என் கதை, நான் வைப்பேன்.

"அப்பா, உறையற வரைக்கும் தொடாதீங்க."

"ழ்ழா"ன்னு தலையாட்டினான்.

அவ அந்தப் பக்கம் போனாளோ இல்லையோ, டபக்னு திறந்து சலக் சலக்னு கிண்டிட்டான். பாதி உறைஞ்சது உடைஞ்சு போச்சு. பாவம், திரும்பக் காய்ச்சி வச்சா. அப்புறம் பூனை மாதிரி வந்து விரலை விட்டான். அதுவும் போச்சு, திரும்பவும் காய்ச்சினா. பொழுது வேற சாயுது. ம்?

மூணாவது தடவை மரகதம் ஃப்ரிட்ஜ் கதவுலயே முதுகைச் சாச்சு உக்காந்துட்டா. அப்போ ஒரு பிச்சைக்காரன் வந்தான். கிழிஞ்ச துண்டு, கையில திருவோடு, தலையில பளபளன்னு கிரீடம். "ழ்ழா"ன்னு கையை நீட்டினான்.

"கிரீடத்தைக் கழட்ட மறந்துட்டீங்கப்பா," அப்படின்னவ, "நீங்க பேசலைன்னா மாப்பிள்ளை வீட்ல திரும்பிப் போயிடுவாங்கப்பா"ன்னு அழுதுட்டா.

ராஜாவுக்கு வெக்கமாப் போச்சு. அங்கேயே அவ மடியில தலையை வச்சுக் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டான். அவ தட்டிக் கொடுத்தா. கொர்ர்ர்.

அவன் தூங்கத் தூங்க உள்ள பாதாம் கம்முனு உறைஞ்சுது. வாசல்ல பீப்பீ டும்டும், மாப்பிள்ளை வீட்டார் வந்தாச்சு. மரகதம் அவனை எழுப்பி ஒரு கரண்டி ஊட்டினா. ஜில்ல்ல். நாக்கு அடங்கிப்போச்சு. அதோட விட்டானா? கிண்ணத்தையே தூக்கி வாயில கவுத்துக்கிட்டுச் சபைக்குப் போயிட்டான்.

எல்லாரும் அவன் வாயையே பாக்கறாங்க. கன்னம் ரெண்டும் உப்பி நிக்குது. மரகதம் ஒரு முறை முறைச்சா. லபக்குன்னு முழுங்கினான்.

"சம்மதம்."

தட்டு மாத்தியாச்சு. மரகதம் மூச்சு விட்டா. அப்போ மாப்பிள்ளை மெதுவா வந்து, "மாமா, அந்தப் பாதாம் எனக்கும் கொஞ்சம்?"னு கேட்டான்.

ராஜா காலிக் கிண்ணத்தைப் பாத்தான். மாப்பிள்ளையப் பாத்தான்.

"ழ்ழா"ன்னான்.

ஏய், எதுக்கு ஒத்தைக் கண்ணைத் திறக்கற? தூக்கம் உறைஞ்சுதான்னு பாக்கறியா? நடுவுல திறந்தா அதுவும் உடைஞ்சுடும். கண்ணை மூடு. கதையை ஃப்ரிட்ஜுல வச்சுக் கதவைச் சாத்தியாச்சு, அத்தை முதுகைச் சாச்சு உக்காந்தாச்சு, நீ தூங்கு.