இலை பதித்த அடை

அந்தக் காலத்தில் காக்கைக்கும் பேச்சு இருந்தது. ஆனால் அது வீண்பேச்சுப் பேசாது. அதற்கு இருந்த வேலை அப்படி.

கரட்டோரத்து ஊர்களில் யாராவது செத்துப்போனால், ஏழாம் நாள் கேழ்வரகு அடை ஒன்று தட்டி வாசல் பாறையில் வைப்பார்கள். காக்கை அதைக் கவ்விக்கொண்டு போய்ச் செத்தவரிடம் சேர்க்கும். இருப்பவர்கள் தின்றதும் அதே அடைதான். மாவு, உப்பு, தண்ணீர், அவ்வளவே. மேலே ஒரு இணுக்குக் கீரை கிடையாது. ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு: செத்தவருக்கு வைப்பதில் இருப்பவர் வாய் படக்கூடாது. பட்டால் செத்தவர் ஆசைப்பட்டு, வாய் வைத்தவரைத் தன்னோடு கூப்பிட்டுவிடுவார்.

பொன்னுருவியின் புருஷன் சடையன் பாம்பு தீண்டிப் போய்ச் சேர்ந்தான். பெண்கள் இரண்டு. மூத்தவள் வெள்ளச்சி அப்பன் செல்லம். அவனைப் புதைத்த அன்றே காய்ச்சலில் விழுந்தவள், ஏழாம் நாள் காலையில்தான் கண்ணைத் திறந்து பசிக்கிறது என்றாள். பொன்னுருவிக்கு அதைக் கேட்டதும் அழுகையே வந்துவிட்டது. அவனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று இரண்டு அடை தட்டினாள். முறத்தில் ஆறவைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனாள்.

அதற்குள் வெள்ளச்சி எழுந்து வந்து ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். காய்ச்சல் வாய்க்குக் கசந்தது. அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

திரும்பி வந்த பொன்னுருவி, ஒரு அடை ஓரத்தில் பிய்ந்திருப்பதைப் பார்த்தாள். கல்லில் திருப்பும்போது பிய்ந்திருக்கும் என்று நினைத்தாள். முழுசாக இருப்பது பிள்ளைக்கு இருக்கட்டும் என்று பிய்ந்ததைப் பாறையில் வைத்தாள். பாவம், எந்தத் தாய்தான் வேறு மாதிரி செய்வாள்? காக்கை வந்து கவ்விக்கொண்டு போயிற்று.

உள்ளே போய் மகளை எழுப்பினாள். அப்போதே கடித்துப் பார்த்தேன், கசக்கிறது என்றாள் பிள்ளை. பொன்னுருவி இடுகாடு வரைக்கும் தலைவிரி கோலமாக ஓடினாள். காக்கை எதிரே வந்துகொண்டிருந்தது.

"சாப்பிட்டுட்டார் தாயி. பிள்ளை வாய் பட்டது அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. எம்மகளை வரச்சொல்லுன்னுட்டார்."

காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். காக்கைக்கும் வருத்தம்தான். இரண்டு அடையும் ஒன்றுபோல இருந்தால் நான் என்ன கண்டேன் என்றது.

மூன்றாம் நாள் வெள்ளச்சி போய்விட்டாள்.

அழுது தீர்க்கக்கூட நேரமில்லை, சின்னவள் குஞ்சரம் பசியோடு உட்கார்ந்திருந்தாள். பொன்னுருவி அடை தட்டினாள். கொல்லையில் முருங்கைக் கீரை உருவி வந்து, ஈர மாவின் மேல் இலை இலையாகப் பதித்தாள். வெங்காயத்தை வட்டமாக அரிந்து நடுவில் வைத்தாள். ஓரம் முழுக்கக் கொத்தமல்லி. வெந்ததும் வெளியே கொண்டுவந்து காக்கையிடம் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்கோ. பச்சை பதிச்சிருந்தா அது இருக்கிற பிள்ளையோடது. அதை நீ தொடக்கூடாது."

காக்கை தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்தது. சரி என்றது.

வெள்ளச்சிக்கு ஏழாம் நாள் வந்தது. பொன்னுருவி அடை தட்டிப் பாறையில் வைத்தாள். காக்கை வந்தது, சாய்ந்து பார்த்தது, தொடாமல் நின்றது.

"இது இருக்கிற பிள்ளைக்குன்னு நீதானே தாயி சொன்னே?"

அப்போதுதான் குனிந்து பார்த்தாள். அவளுக்கே தெரியாமல் கை கீரையைப் பதித்திருந்தது. பெரியவளுக்குப் பிடிக்கும் என்று வெங்காயம் இரண்டு வட்டம் கூடுதலாக வேறு வைத்திருந்தது. வெயிலில் பாறையருகே உட்கார்ந்து வெங்காயத்தை எடுத்துவிட்டு, ஒவ்வொரு இலையாகக் கிள்ளி எடுத்தாள். கடைசி இலை போனதும் காக்கை அடையைக் கவ்விக்கொண்டு பறந்தது.

அன்று தொடங்கியதுதான் இருக்கிறவர்களுக்குக் கீரை பதித்த அடை, போனவர்களுக்கு வெறும் அடை என்ற வழக்கம். வெறும் அடை தட்டுகிற நாளில் அந்தப் பக்கத்துத் தாய்மார் கீரைக் கூடையைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைப்பதில்லை.