முடிவு ஜெபம்

“எனக்குப் பின்னால யாருமே இல்லை அக்கா.”

போதகர் ஞானசிகாமணி இதைச் சொன்னபோது தோளில் தொங்கிய பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

சாலோமி அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்த மலையடிவார ஆசிரமத்துக்குக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் கீரை ஆயும் நேரத்தில்தான் வந்து சேருவார்கள். பஸ் அந்த நேரத்துக்குத்தான் வரும்.

“உட்காருங்க ஐயா. பஸ்ஸில இடம் கிடைச்சுதா?”

“நின்னுக்கிட்டேதான் வந்தேன்.”

அக்கா அவரைவிட வயதில் இளையவர். ஆனால் ஊர் முழுக்க அவரை அக்கா என்றதால் போதகருக்கும் அவர் அக்காதான்.

அந்த ஆசிரமத்தில் சில காலம் தங்கிப் போனவர்கள் மலைமேலும் மலைக்குக் கீழேயும் சபைகளை நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பெரிய பேச்சாளர் இல்லை. ஆனாலும் சபைகள் நடந்தன. ஞானசிகாமணிக்கு விளங்காத விஷயம் அதுதான்.

“எங்க வீட்டம்மா லில்லிக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு,” என்றார். “சென்னையில மகள் வீட்டோட தங்கி டயாலிசிஸ் பண்ணணும். அடுத்த வாரம் கிளம்புறோம். திரும்பி வருவோமான்னு தெரியாது.”

அக்காவின் கை நின்றது.

“சபை?” என்று அக்கா கேட்டார்.

“அதுக்குத்தான் வந்தேன். டவுன்ல தலைமைச் சபையில சொல்லிட்டாங்க. நடத்த ஆள் இருந்தா நடத்துங்க. இல்லேன்னா பூட்டிச் சாவியைக் கொடுங்க, சனங்க இங்கே வரட்டும்னு. ஞாயித்துக்கிழமை காலையில எங்க ஊருக்கு பஸ்ஸே கிடையாது. முட்டி தேஞ்ச கிழவிங்க எப்படி அக்கா டவுனுக்குப் போவாங்க? ஓலைக் கொட்டகையில ஆரம்பிச்ச சபை. என் கையால பூட்டணும்.”

“யாரையும் பழக்கலையா?”

“பழக்காமலா!” போதகருக்குக் குரல் ஏறியது. “வருஷா வருஷம் தலைமைத்துவப் பயிற்சி வைக்கிறேன். வெளியூர்ல இருந்து ஆள் கூப்பிட்டு, பேனர் கட்டி, மத்தியானம் பிரியாணி போட்டு, சான்றிதழ் கொடுக்கிறேன். அதைச் சட்டம் போட்டுக் கல்யாணப் போட்டோ பக்கத்துல மாட்டி வெச்சிருக்காங்க. ஆளைத்தான் காணோம்.”

“பிரியாணி நல்லா இருந்திருக்கும் போல,” என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது.

தீத்து. ஆசிரமத்தின் சமையல் அவர் பொறுப்பு. தலை நரைத்துவிட்டது, வாய் நரைக்கவில்லை.

போதகர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“எலியாசர்னு ஒருத்தர் இருக்கார் அக்கா. லாரி ஓட்டினவர். தங்கமான மனுஷன். ஆனா ஜெபிக்கச் சொன்னா எழுந்து நின்னு நடுங்குவார். காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளைய விட்டுடுவார். புருஷனைப் பறிகொடுத்தவளை விட்டுடுவார். நான்தான் அப்புறம் எல்லாரையும் எடுத்துச் சேர்த்து, முடிச்சு ஜெபிப்பேன்.”

“எப்பவும் நீங்கதான் முடிப்பீங்களா?”

“யார் ஜெபிச்சாலும் நான்தான் முடிப்பேன். மேய்ப்பன் இல்லையா? ஒரு பேர் விட்டுப்போனா அந்த வீட்டுக்காரங்க மனசு என்ன பாடுபடும்?”

அது பொய்யில்லை. அவர் ஒருவர் பெயரையும் ஒருநாளும் விட்டதில்லை.

“போன வாரம் எலியாசரைக் கூப்பிட்டேன். ‘நீங்களே பண்ணிடுங்க ஐயா, எப்படியும் நீங்கதான் பண்ணப்போறீங்க’ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றார். பொறுப்பத்த சனம் அக்கா. நான் என்னதான் செய்யட்டும்?”

அக்கா கீரைக் காம்புகளைத் திரட்டி எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“சாப்பிட வாங்க,” என்றார்.

*

கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும்.

வரிசையாக எல்லோரும் உட்கார்ந்தார்கள். களியிலிருந்து ஆவி எழுந்தது.

“ஐயா, ஜெபம் பண்ணுங்க,” என்றார் அக்கா.

ஞானசிகாமணி ஜெபித்தார். நன்றாகவே ஜெபித்தார். விதைத்தவர்கள், அறுத்தவர்கள், சமைத்த கைகள், இந்த வேளை சோறில்லாத வீடுகள். அவருடைய குரலுக்கு மழைக்கு முந்திய காற்றின் குளுமை இருந்தது.

“ஆமென்.”

கைகள் தட்டுக்குப் போயின.

“ஜெபிப்போம்,” என்றார் அக்கா.

கைகள் திரும்பி வந்தன.

அக்கா ஜெபித்தார். அதே களிக்காக. விதைத்தவர்களுக்காக, அறுத்தவர்களுக்காக. பிறகு, போதகர் சொல்லாமல் விட்ட விறகு சுமந்தவளுக்காக. பஸ் ஓட்டிக்கொண்டு வந்தவருக்காக. உப்பு விளைவித்த ஏதோ ஒரு கடலோர ஊர்க்காரர்களுக்காக. களியின் மேல் ஆடை படிந்தது.

நான் ஜெபித்ததை மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று போதகர் நினைத்துக்கொண்டார். வேலை அதிகம், பாவம்.

மாலை ஜெபத்திலும் அப்படியே நடந்தது. அவர் முடித்தார். அக்கா முதலிலிருந்து தொடங்கினார்.

மறுநாள் காலை அவர் கவனமாக ஜெபித்தார். விறகைச் சொன்னார். உப்பைச் சொன்னார். பஸ் டிரைவரையும் கண்டக்டரையும் சொன்னார். ஒன்றும் பாக்கியில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஆமென் சொன்னார்.

“ஜெபிப்போம்,” என்றார் அக்கா. கிணற்றுக்காக ஜெபித்தார். புகையில் எரிகிற தீத்துவின் கண்களுக்காக ஜெபித்தார்.

கஞ்சி ஆறிப்போயிற்று.

கை கழுவும் இடத்தில் தீத்து பக்கத்தில் வந்து நின்றார்.

“ஐயா, உங்க ஜெபம் கூரையில மாட்டிக்கிது போலிருக்கு. அக்காதான் கம்பு வெச்சுத் தள்ளி விடுறாங்க.”

போதகர் முகம் சிவந்தது. நேராக அக்காவிடம் போனார்.

“என் ஜெபத்துல என்ன குறை அக்கா?”

“குறையா? ஒரு குறையும் இல்லை. நேத்து நீங்க ஜெபிச்சப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு.”

“அப்புறம் எதுக்கு நீங்க திரும்ப...”

“கிணறு விட்டுப்போச்சே.”

“அதையும் நாளைக்குச் சேர்த்துச் சொல்றேன். போதுமா?”

“சொல்லுங்க,” என்றார் அக்கா. “நாளைக்கு நான் மாட்டைச் சொல்றேன்.”

போதகருக்கு அழுகை வருவது போலிருந்தது. இந்த வயதில், மனைவியை நோயில் விட்டுவிட்டு, புத்தி கேட்க வந்த இடத்தில் ஒரு வேளைச் சோற்றுக்கு ஜெபிக்கக்கூடத் தகுதியில்லாதவனாக உட்கார்ந்திருக்கிறேனே என்று நினைத்தார். வெளியே வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. அதைப் பெருக்குவாரில்லை.

மத்தியானம் மறுபடியும் வரிசை. மறுபடியும் களி.

“ஐயா, ஜெபம்,” என்றார் அக்கா.

“நீங்களே பண்ணிடுங்க அக்கா,” என்றார் ஞானசிகாமணி. சிரிக்க முயன்றார். “எப்படியும் நீங்கதான்...”

நாக்கு அங்கே நின்றுவிட்டது.

ஆவி மட்டும் எழுந்துகொண்டிருந்தது.

“சொல்ல வந்ததைச் சொல்லி முடிங்க ஐயா,” என்றார் தீத்து.

போதகர் முடிக்கவில்லை. தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா தீத்துவைப் பார்த்துத் தலையசைத்தார்.

“ஆண்டவரே, சோத்துக்கு நன்றி. பசிக்குது. ஆமென்,” என்றார் தீத்து.

அக்கா களியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

போதகர் தட்டில் கை வைக்காமலே கேட்டார்.

“அக்கா, அவர் யாரையாவது விட்டுட்டா?”

“யாரு?”

“எலியாசர். அழுதுக்கிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற யாரையாவது அவர் விட்டுட்டா? அந்தப் பேரை அப்படியே விட்டுட முடியுமா?”

அக்கா அவர் தட்டை அவர் பக்கமாக நகர்த்தினார்.

“சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க,” என்றார்.

*

வியாழக்கிழமை சாயங்காலக் கூட்டம் போதகர் வீட்டிலேயே நடந்தது. ஊரில் அவருக்கு அதுவே கடைசி வியாழன்.

பெட்டிகள் கட்டி ஓரமாக அடுக்கியிருந்தன. சனங்கள் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். லில்லி அம்மாவால் தரையில் உட்கார முடியாது. வீங்கிய கால்களைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். போதகர் அவர் பக்கத்தில் முக்காலியில் அமர்ந்தார்.

பாட்டு முடிந்தது. வேதம் வாசித்தாயிற்று.

“எலியாசர் அண்ணன் ஜெபிப்பார்,” என்றார் போதகர்.

“நானா? இன்னைக்கா?” எலியாசர் திகைத்தார். “நீங்க ஊருக்குப் போற நேரத்துல நீங்களே ஜெபிச்சாத்தானே ஐயா...”

“ஜெபிங்க அண்ணே.”

“எழுந்திரிங்கண்ணே, லாரி நின்னுபோச்சா?” என்று யாரோ சொல்ல, பாயில் சிரிப்பு ஓடி அடங்கியது.

எலியாசர் எழுந்தார். எல்லோரும் கண்களை மூடித் தலை குனிந்தார்கள்.

“கர்த்தாவே... ஸ்தோத்திரம். மழை தாங்க. தேசத்துத் தலைவர்களுக்கு ஞானம் தாங்க. ஐயா தூரப் பயணம் போறார். ரோட்டுல ஒண்ணும் ஆகாம கொண்டுபோய்ச் சேருங்க. ராத்திரியில லாரிக்காரங்க தூங்கிட்டு ஓட்டுவாங்க, அவங்களை எழுப்பி விடுங்க. பிள்ளைங்க பரீட்சை எழுதுறாங்க...”

அங்கே நின்றார். இன்னும் ஏதோ இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. தேடினார். தேடியது கிடைக்காமல், “ஆமென்,” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

லில்லியை விட்டுவிட்டார்.

அந்த அறையில் எல்லோரும் யாருக்காக வந்திருந்தார்களோ, அந்தப் பெயரையே விட்டுவிட்டார்.

ஞானசிகாமணியின் நெஞ்சுக்குள் அந்த ஜெபம் முழுதாகத் தயாராக இருந்தது. தொண்டையைச் செருமினால் போதும். பக்கத்தில் மனைவி மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. மேல்மூச்சு. படியேறி வந்தவள் போல.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஒரு தலையும் நிமிரவில்லை. எலியாசர் சொன்னது யாருக்கும் ஆமெனாகத் தோன்றவில்லை. ஐயா முடிப்பார் என்று கண்களை மூடியபடி காத்திருந்தார்கள்.

மின்விசிறி சுற்றியது. யாரோ இருமினார்கள்.

“ஐயா...” என்று எலியாசர் மெல்லக் கூப்பிட்டார். “தூங்கிட்டீங்களா?”

போதகர் இரண்டு கைகளாலும் முக்காலியின் விளிம்பைப் பற்றிக்கொண்டிருந்தார், எழுந்துவிடாதபடி.

தெருவில் ஒரு பால்காரரின் மணி கேட்டுத் தேய்ந்தது.

அப்போது பின்வரிசையில், கதவோரமாக, ஒரு பெண் பேசத் தொடங்கினாள்.

“ஆண்டவரே, எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை. யாரும் சொல்லலையேன்னு சொல்றேன். எங்க லில்லியம்மாவை அந்த மெஷின்ல போட்டு ரத்தம் சுத்தம் பண்ணப்போறாங்களாம். அவங்களுக்கு ஊசின்னா பயம். சின்ன வயசுலயிருந்தே பயம். ஐயாகிட்டகூட அதைச் சொன்னதில்லை, வெட்கம். வாரத்துல எத்தனையோ தடவை குத்துவாங்களாம். குத்துறப்ப நீங்க அவங்க கையைப் புடிச்சுக்குங்க...”

போதகர் மனைவியின் பக்கம் திரும்பவில்லை. ஆனால் நாற்காலியின் கைப்பிடி நடுங்குவது அவர் தோளில் தெரிந்தது.

“...நாங்க இங்கே பார்த்துக்கறோம். விளக்குப் போட்டு, பாய் விரிச்சு, சபைக்கு வர்றவங்களை நாங்க உட்கார வெச்சுக்கறோம். எலியாசரண்ணன் பயந்துக்கிட்டாலும் பரவாயில்லை. பக்கத்துல நாங்க நிக்கிறோம்...”

“ஆமா ஆண்டவரே,” என்றார் எலியாசர், உரக்க.

“ஆமா,” என்றது இன்னொரு குரல்.

இந்தச் சபையில் ஒவ்வொரு குழந்தைக்கும் அவர்தான் பெயர் வைத்தார். ஒவ்வொரு கல்யாணத்தையும் அவர்தான் நடத்தினார். ஒவ்வொரு வீட்டு நோயும் கடனும் சண்டையும் அவருக்குத் தெரியும்.

அந்தக் குரல் யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை.

கண்களைத் திறக்காமலே மனைவியின் காதருகே குனிந்தார்.

“யாரு இது?”

“பேசாம கேளுங்க,” என்றார் லில்லி.